ஓட்டைக் கேபிளில் ஓடும் சமிக்ஞை: நரம்புச் செல்லைக் கால்குலேட்டரால் பிடிக்கும் வழி

"சோடியம் உள்ளே நுழையும், பொட்டாசியம் வெளியேறும், பிறகு பம்பு இரண்டையும் பழைய இடத்தில் கொண்டுபோய் வைக்கும். இதுதான் நரம்புத் துடிப்பு" என்று பிளஸ் ஒன் படிக்கும் என் பேத்தி ஒப்பித்துக்கொண்டிருந்தாள். எவ்வளவு சோடியம் உள்ளே போகும் என்று கேட்டேன். "நிறைய" என்றாள். நிறைய என்றால்? "நிறைய என்றால் நிறையதான், தாத்தா. நாளைக்குப் பரீட்சை."

நான் உயிரியல் படித்தவன் அல்லன். தொலைபேசித் துறையில் 34 ஆண்டுகள் தரைக்கடிக் கேபிள் பழுது பார்த்தவன். ஆனால் 'நிறைய' என்ற அளவு எங்கள் தொழிலில் கிடையாது. இத்தனை ஓம், இத்தனை மீட்டர் என்று எழுதினால்தான் எந்த இடத்தில் தோண்டுவது என்று தெரியும். பரீட்சை முடிந்த பிறகு இருவரும் உட்கார்ந்து அந்தப் பாடத்தை எண்களாக மாற்றினோம். அதை எப்படிச் செய்வது என்பதுதான் இந்தக் குறிப்பு. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் போதும். வரைபடத்தாள் ஒன்று, லாக் பொத்தான் உள்ள கால்குலேட்டர், அளவுகோல், இரண்டு நிறப் பென்சில்கள். வேறு எதுவும் வேண்டாம்.

முதலில் நான்கு எண்களைத் தாளின் மேல் ஓரத்தில் எழுதிக்கொள்ளுங்கள். பாலூட்டிகளின் நரம்புச் செல்லில் பொட்டாசியம் உள்ளே 140, வெளியே 5. சோடியம் உள்ளே 12, வெளியே 145. எல்லாம் லிட்டருக்கு மில்லிமோல் கணக்கு. புத்தகத்துக்குப் புத்தகம் ஒன்றிரண்டு முன்பின் இருக்கும், அதனால் பாதகமில்லை. வெளியே உப்புக்கரைசல், உள்ளே பொட்டாசியக் கரைசல், நடுவில் ஏழு நானோமீட்டர் பருமனுள்ள கொழுப்புச் சவ்வு. நரம்புச் செல்லின் பேட்டரி இந்த வேறுபாடுதான்.

இந்த வேறுபாட்டை மில்லிவோல்ட்டாக மாற்றப் புத்தகத்தில் நெர்ன்ஸ்ட் சமன்பாடு என்று ஒன்று இருக்கும். பெயரைக் கண்டு மிரள வேண்டாம். வெளியே உள்ள அளவை உள்ளே உள்ள அளவால் வகுத்து, லாக் எடுத்து, 61.5 ஆல் பெருக்குங்கள். உடல் வெப்பநிலையான 37 டிகிரிக்கு அந்த எண் 61.5. பொட்டாசியத்துக்கு: 5 வகுத்தல் 140, அதாவது 0.0357. லாக் எடுத்தால் கழித்தல் 1.447. பெருக்கினால் கழித்தல் 89. சோடியத்துக்கு: 145 வகுத்தல் 12, லாக் 1.082, விடை கூட்டல் 67. என் பேத்தி முதல் முறை உள்ளே உள்ளதை வெளியே உள்ளதால் வகுத்துக் குறிகளைத் தலைகீழாக்கிவிட்டாள். பொட்டாசியத்துக்குக் கூட்டல் வந்தால் திரும்பிப் போய் வகுத்தலைப் பாருங்கள்.

இப்போது வரைபடத்தாளில் கழித்தல் 89இல் ஒரு கோடு, கூட்டல் 67இல் ஒரு கோடு. இவைதான் தரையும் கூரையும். சோடியமும் பொட்டாசியமும் மட்டும் ஆடுகிற ஆட்டத்தில் செல்லின் மின்னழுத்தம் இந்த இரண்டுக்கும் இடையில்தான் எங்கேயாவது நிற்க முடியும். சவ்வில் அயனிகள் போய்வரும் கதவுகள், அதாவது வாயில்கள், உண்டு. பொட்டாசிய வாயில்கள் மட்டும் திறந்திருந்தால் தரைக்கு இறங்கும், சோடிய வாயில்கள் மட்டும் திறந்திருந்தால் கூரைக்கு ஏறும். எது எவ்வளவு திறந்திருக்கிறது என்பதைப் பொறுத்தே மற்றதெல்லாம். பேத்தியின் பழைய நோட்டில் துடிப்பின் வால் கழித்தல் 120 வரை தொங்கியது. அப்படித் தொங்க முடியாது என்பது தரைக்கோடு போட்ட பிறகுதான் அவளுக்கே தெரிந்தது.

ஓய்வில் இருக்கும் செல்லில் பொட்டாசியத்துக்குக் கதவு ஓரளவு திறந்திருக்கும், சோடியத்துக்கு வெறும் கீறல். 1949இல் ஹாட்ஜ்கின், காட்ஸ் என்ற ஆராய்ச்சியாளர்கள் கணவாய் மீனின் ராட்சத ஆக்ஸானில் (நரம்புச் செல்லிலிருந்து நீளும் நாரில்) பார்த்த விகிதம் பொட்டாசியம் 1க்குச் சோடியம் 0.04. அதையே நம் எண்களில் போட்டுப் பார்க்கலாம். வெளியே: 5உடன் 145இன் நூற்றில் நான்கு பங்கைக் கூட்டினால் 10.8. உள்ளே: 140உடன் 12இன் நூற்றில் நான்கு பங்கு, 140.5. வகுத்து, லாக் எடுத்து, 61.5 ஆல் பெருக்கினால் கழித்தல் 68.5 வருகிறது. பாடப்புத்தகம் சொல்லும் கழித்தல் 70 இதுதான். அது மேலே இருந்து இறக்கிவைத்த எண் அல்ல, நீங்களே இப்போது வரவழைத்தது. அங்கே ஒரு புள்ளிக்கோடு போடுங்கள்.

எழுபது மில்லிவோல்ட் என்ன பெரிய அழுத்தம் என்று எனக்கும் முதலில் அலட்சியமாகத்தான் இருந்தது. பிறகு அதைச் சவ்வின் பருமனால் வகுத்தேன். மீட்டருக்கு ஒரு கோடி வோல்ட். காற்று மீட்டருக்குச் சுமார் 30 லட்சம் வோல்ட்டிலேயே பொறி பறக்கும். அதைவிட மூன்று மடங்கு இறுக்கத்தை அந்தக் கொழுப்புப் படலம் ஆயுள் முழுவதும் தாங்கிக்கொண்டு நிற்கிறது.

இனி 'நிறைய' என்பதைப் பிடிப்போம். இந்தக் குறிப்பில் ஒரே ஒரு கணக்கைத்தான் போடுவேன் என்றால் இதைப் போடுங்கள். சவ்வு ஒரு கெப்பாசிட்டர், அதாவது மின்னூட்டத்தைச் சேர்த்துவைக்கும் அமைப்பு: சதுர சென்டிமீட்டருக்கு ஒரு மைக்ரோஃபாரட். துடிப்பின்போது மின்னழுத்தம் ஏறக்குறைய 100 மில்லிவோல்ட், அதாவது 0.1 வோல்ட், ஏறுகிறது. கெப்பாசிட்டரின் அளவை வோல்ட்டால் பெருக்கினால் மின்னூட்டம். அதை ஓர் அயனியின் மின்னூட்டத்தால் வகுத்தால், ஒரு சதுர மைக்ரானுக்கு ஏறத்தாழ 6,200 சோடிய அயனிகள் நுழைந்தால் போதும் என்று வரும். 20 மைக்ரான் விட்டமுள்ள உருண்டைச் செல்லின் பரப்பு சுமார் 1,257 சதுர மைக்ரான். பெருக்கினால் 78 லட்சம் அயனிகள்.

"78 லட்சமா! நிறையதானே தாத்தா?" என்றாள். செல்லுக்குள் ஏற்கெனவே எவ்வளவு இருக்கிறது என்று பார் என்றேன். அதே உருண்டையின் கனஅளவில் லிட்டருக்கு 12 மில்லிமோல் என்றால் சுமார் 3,000 கோடி சோடிய அயனிகள். நுழைவது நாலாயிரத்தில் ஒரு பங்கு. பொட்டாசியம் உள்ளே 35,000 கோடி, வெளியேறுவது அதில் நாற்பத்தைந்தாயிரத்தில் ஒரு பங்கு. நிஜச் செல்லில் இரண்டு ஓட்டங்களும் சற்று நேரம் ஒன்றன்மேல் ஒன்று விழுவதால் சில மடங்கு கூடலாம். அப்படியே கூடினாலும் 12 என்ற எண் 12ஆகவே இருக்கும், 140 என்பது 140ஆகவே இருக்கும். தொட்டி நிறைந்து இடம் மாறுவதில்லை, விளிம்பில் ஒரு சொட்டுதான் ஆடுகிறது.

ஆகவே, பம்பு ஓடித்தான் துடிப்பு அடங்குகிறது என்று எழுதுவது தவறு. மாணவர்களின் நோட்டுகளில் மட்டுமல்ல, சில கையேடுகளிலும் இதைப் பார்த்துவிட்டேன். பம்பு ஒவ்வொரு சுற்றுக்கும் மூன்று சோடியத்தை வெளியே தள்ளி இரண்டு பொட்டாசியத்தை உள்ளே இழுக்கிறது. எங்கள் எக்ஸ்சேஞ்சில் பேட்டரிக்குச் சார்ஜர் செய்கிற வேலை அது. பேசும் குரலைச் சார்ஜர் உண்டாக்குவதில்லை. 1961இல் கேம்பிரிட்ஜ் ஆராய்ச்சியாளர்கள் கணவாயின் ஆக்ஸானுக்குள் இருந்த கூழை உருளையால் பற்பசை போலப் பிதுக்கி வெளியேற்றிவிட்டு, வெறும் பொட்டாசிய உப்புக்கரைசலை நிரப்பிப் பார்த்தார்கள். அப்போதும் துடித்தது.

அடுத்தது, துடிப்பு எங்கே பிறக்கிறது என்பது. என் தொழில் இங்கேதான் கைகொடுத்தது.

காகித இன்சுலேஷன் போட்ட பழைய கேபிளில், யாரோ சாலை தோண்டும்போது கடப்பாரை பட்டு ஈய உறையில் ஒரு பொத்தல் விழுந்திருக்கும். வெயில் காலத்தில் தெரியாது. முதல் மழையில் தண்ணீர் இறங்கியதும் குரல் தேயும். இன்சுலேஷனின் தடையை அளக்கும் மெக்கர் வைத்துப் பார்த்தால் மெகாஓமில் நிற்க வேண்டிய முள் கிலோஓமுக்கு விழுந்திருக்கும். கம்பி அறுந்திருக்காது. கம்பி வழியே போக வேண்டிய மின்னோட்டம் வழி நெடுக மண்ணுக்குள் கசிந்திருக்கும். நரம்பின் கிளைகளான டென்ட்ரைட்டுகள் பிறவியிலேயே இந்த நிலைதான். உள்ளே ஓடுவது செம்பு அல்ல, உப்புக் கூழ். மேலே போர்த்தியிருப்பது பொத்தல் சவ்வு. கடலடித் தந்திக் கம்பிக்காக வில்லியம் தாம்சன் 1855இல் போட்ட கசிவுக் கணக்கையே ஹாட்ஜ்கினும் ரஷ்டனும் 1946இல் நண்டினத்து நரம்பு ஒன்றுக்குப் பயன்படுத்தினார்கள் என்று படித்தபோது, சொந்த ஊர்க்காரரைப் பரதேசத்தில் பார்த்ததுபோல் இருந்தது எனக்கு.

அந்தக் கணக்கை நீங்களும் போடலாம். கிளையின் விட்டத்தை நான்கால் வகுங்கள். சவ்வின் தடையை உள்கூழின் தடையால் வகுங்கள். இரண்டையும் பெருக்கி வர்க்கமூலம் எடுங்கள். வருவது 'நீள மாறிலி'. அத்தனை தூரம் போவதற்குள் சமிக்ஞை 37 சதவீதமாகத் தேய்ந்துவிடும். 2 மைக்ரான் விட்டம், அதாவது 0.0002 சென்டிமீட்டர். சவ்வுத் தடை 10,000 ஓம்-சதுர சென்டிமீட்டர், கூழின் தடை 150 ஓம்-சென்டிமீட்டர் என்று வைத்தால் விடை 0.058 சென்டிமீட்டர். அரை மில்லிமீட்டருக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். கிளை நுனியில் பிறந்த 10 மில்லிவோல்ட், செல் உடலை அடையும்போது மூன்று, நான்கு மில்லிவோல்ட்.

பெரும்பாலும் பத்துகூடப் பிறப்பதில்லை. பக்கத்துச் செல்லிலிருந்து வரும் ஒரு தட்டல், செல் உடலை எட்டும்போது ஒரு மில்லிவோல்ட்டுக்கும் குறைவாகவே இருக்கும். ஆனால் தட்டுகிற இடங்கள் ஒரு செல்லில் ஆயிரக்கணக்கில் உண்டு. சில ஏற்றிவிடும், சில குளோரைடு வாயிலைத் திறந்து அமுக்கிவிடும். எல்லாம் சேர்ந்து செல் உடலுக்கு வந்து, ஆக்ஸான் கிளம்பும் இடத்தில் கூடுகின்றன. அந்தத் தொடக்கப் பகுதி 20 முதல் 60 மைக்ரான் நீளம். முடியின் தடிமனைவிடக் குறுகிய அந்தத் துண்டில்தான் சோடிய வாயில்கள் நெருக்கியடித்து நிற்கின்றன. துடிப்பு பெரும்பாலும் அங்கேதான் பிறக்கிறது. பிறந்தபின் முன்னால் ஆக்ஸானுக்குள் ஓடுவதோடு, பின்னால் திரும்பிக் கிளைகளுக்குள்ளும் ஏறுகிறது என்பதை 1994இல் ஸ்டூவர்ட்டும் சாக்மனும் ஒரே செல்லில் இரண்டு இடங்களில் கண்ணாடி நுண்குழாய் வைத்துக் காட்டினார்கள்.

வரைபடத்தாளில் கழித்தல் 55 அருகே இரண்டாவது நிறத்தில் ஒரு கோடு போடுங்கள். வாசற்படி அது. சோடிய வாயிலின் புரதத்துக்குள் நேர்மின்னூட்டம் தாங்கிய நான்கு தண்டுகள் உண்டு. உள்ளே எதிர்மின்னழுத்தம் பலமாக இருக்கும்வரை அவை உள்பக்கம் இழுபட்டு, கதவு மூடியிருக்கும். மின்னழுத்தம் சற்று ஏறினால் பிடி தளர்ந்து கதவு திறக்கும். திறந்தால் சோடியம் நுழையும், நுழைந்தால் மின்னழுத்தம் இன்னும் ஏறும், ஏறினால் இன்னும் கதவுகள் திறக்கும். கழித்தல் 60இல் இருந்தால் வெளியேறும் பொட்டாசியம் இதைச் சமாளித்து அடக்கிவிடும். வாசற்படியைத் தாண்டியபின் அடக்க முடியாது. ஒரு வாயில் திறந்திருக்கும்போது வினாடிக்கு ஏறக்குறைய ஒரு கோடி அயனிகள் பாயும். முன்பு வந்த சதுர மைக்ரானுக்கு 6,200 என்ற கணக்கை ஒரே ஒரு வாயில் ஒரு மில்லிவினாடிக்குள் முடித்துவிடும்.

கோட்டை இப்போது வரையுங்கள். வாசற்படியிலிருந்து அரை மில்லிவினாடிக்குள் செங்குத்தாகக் கூட்டல் 35 வரை. கூரையைத் தொட வேண்டாம். தொடுவதற்குள் இரண்டு காரியங்கள் நடந்துவிடுகின்றன. சோடிய வாயில் தானாகவே உள்பக்கம் அடைத்துக்கொள்கிறது. மெத்தனமாகத் திறக்கும் இன்னொரு வகைப் பொட்டாசிய வாயில்கள் அப்போதுதான் திறந்து முடிகின்றன. எனவே கோடு அடுத்த ஒரு மில்லிவினாடியில் கீழே விழுகிறது. அந்த வாயில்கள் மூடுவதிலும் மெத்தனம்தான். அதனால் கழித்தல் 68ஐத் தாண்டித் தரைப்பக்கம் சற்றுச் சரிந்து, பிறகு ஏறி நிற்கும். அடைத்துக்கொண்ட சோடிய வாயில் சீராகும்வரை எவ்வளவு தட்டினாலும் அங்கே இன்னொரு துடிப்பு எழாது. இந்த ஓய்வை ஒரு மில்லிவினாடி என்று தாளில் நிழலடித்துக் காட்டுங்கள், பின்னால் வேண்டும்.

பல் மருத்துவர் ஈறில் போடும் லிக்னோகெயின் இந்தச் சோடிய வாயிலைத்தான் அடைக்கிறது. பேத்தை மீன் இனத்தின் நஞ்சும் அதே வாயிலை வெளியிலிருந்து அடைக்கிறது. முன்னது சில மணி நேரத்தில் இறங்கிவிடும், பின்னது மூச்சுத் தசைகளை நிறுத்திவிடும்.

பரவுவதற்கு வருவோம். முதுகுத்தண்டிலிருந்து கால் விரல் வரை ஒரு மீட்டர் ஆக்ஸான். நீள மாறிலி ஒரு மில்லிமீட்டர் என்று தாராளமாகவே வைத்துக்கொள்ளுங்கள். 100 மில்லிவோல்ட் துடிப்பு வெறும் கேபிள்போல் போனால் ஒரு சென்டிமீட்டரில் என்ன ஆகும்? 0.37ஐப் பத்து முறை பெருக்குங்கள். ஒரு மில்லிவோல்ட்டின் இருநூறில் ஒரு பங்குகூடத் தேறாது. ஒரு மீட்டருக்குப் பெருக்கினால் என் கால்குலேட்டர் சுழியம் காட்டியது.

எங்கள் நெடுந்தூரக் கேபிளிலும் இதே சங்கடம் உண்டு. சில கிலோமீட்டருக்கு ஒரு ரிப்பீட்டர் வைத்துத் தேய்ந்த குரலைத் தூக்கிவிடுவோம். ஆக்ஸானில் சவ்வின் ஒவ்வொரு துண்டும் தனக்குத்தானே ரிப்பீட்டர். துடிக்கும் துண்டிலிருந்து கசியும் மின்னோட்டம் பக்கத்துத் துண்டை வாசற்படிக்கு மேலே தூக்குகிறது, அது தன் சொந்த உப்பு வேறுபாட்டைச் செலவழித்து முழு உயரத்துக்குத் துடிக்கிறது. அதனால்தான் விரல் நுனியிலும் அதே 100 மில்லிவோல்ட். எங்கள் ரிப்பீட்டர் ஒருபக்கம் மட்டும் பெருக்கும்படி கட்டப்பட்டது. ஆக்ஸான் இருபக்கமும் கடத்தும். ஆனால் இப்போதுதான் துடித்த துண்டு அந்த நிழலடித்த ஓய்வில் கிடப்பதால் சமிக்ஞை திரும்பி வர முடியாது.

இப்படி அங்குலம் அங்குலமாகத் துடித்துப் போவது மெதுவான வேலை. உறையில்லாத மெல்லிய நரம்பில் வினாடிக்கு ஒரு மீட்டர்தான். வேகம் வேண்டிய இடத்தில் கணவாய், ஆக்ஸானையே அரை மில்லிமீட்டர் தடிப்பாக்கிக்கொண்டது. நம் உடல் அதற்குப் பதிலாக உறை சுற்றியது. மயலின் என்ற அந்த உறை சுற்றிய பகுதியில் கசிவும் குறைவு, கெப்பாசிட்டன்ஸும் குறைவு. ஒரு மில்லிமீட்டருக்கு ஒரு முறை உறையில்லாத இடைவெளி, ரான்வியர் கணு, அகலம் ஏறத்தாழ ஒரு மைக்ரான். கணுவை ஒரு மீட்டர் ஜாயிண்ட் குழியாக நினைத்தால் அடுத்த குழி ஒரு கிலோமீட்டர் தள்ளி. வினாடிக்கு 50 மீட்டர் என்றால் ஒரு கணுவிலிருந்து அடுத்ததற்கு 20 மைக்ரோவினாடி, ஆயிரம் கணு தாண்டிக் காலுக்கு 20 மில்லிவினாடி. ஒன்றிரண்டு கணுக்கள் மரத்துப்போனாலும் தாண்டிவிடும் அளவுக்கு மின்னோட்டம் மிச்சம் இருக்கும். எங்கள் துறையில் இவ்வளவு தாராளமாக யாரும் திட்டமிட்டு நான் பார்த்ததில்லை.

உறை உரிந்தால் மழைக்காலம்தான். இந்த உறை உரியும் நோயான மல்டிபிள் ஸ்க்ளீரோசிஸ் உள்ள சிலருக்கு வெந்நீரில் குளித்ததும் பார்வை மங்கும். சூட்டில் துடிப்பு குறுகிவிடுகிறது, அடுத்த கணுவைத் தூக்கப் போதிய மின்னோட்டம் போய்ச் சேர்வதில்லை. உடல் ஆறியதும் பார்வை திரும்புகிறது.

உங்கள் வரைபடம் புத்தகப் படத்தோடு அச்சாகப் பொருந்தாவிட்டால் கவலைப்பட வேண்டாம். ஹாட்ஜ்கினும் ஹக்ஸ்லியும் 1939இல் பிளிமத்தில் முதல் துடிப்பை ஆக்ஸானுக்குள்ளிருந்து பதிவு செய்த சில வாரங்களில் போர் வந்துவிட்டது. கணக்கு 1952இல்தான் அச்சேறியது. கேம்பிரிட்ஜின் கணினி அப்போது வேலையில் இல்லாததால், ஓடும் துடிப்பின் கணக்கை ஹக்ஸ்லி கையால் சுழற்றும் கால்குலேட்டரில் ஏறக்குறைய மூன்று வாரம் போட்டார். விடையாக வந்த வேகம் வினாடிக்கு 18.8 மீட்டர், ஆக்ஸானில் அளந்தது 21.2. அவர்களுக்கே பத்து சதவீதத்துக்கு மேல் பிசகியது.

கடைசியாக, தாளுக்கு வெளியே ஒரு சோதனை. தொடுகையைச் சொல்லும் உறையிட்ட நரம்பு வினாடிக்கு 50 மீட்டர், மந்த வலியைச் சொல்லும் உறையில்லாத நரம்பு வினாடிக்கு ஒரு மீட்டர். கால் விரலிலிருந்து தலைக்கு ஒன்றரை மீட்டர் என்று வைத்து, மந்த வலி முதுகுத்தண்டிலும் அதே வேகத்தில் போவதாகக் கொண்டால், முன்னதற்கு 30 மில்லிவினாடி, பின்னதற்கு ஒன்றரை வினாடி. நிலைப்படியில் கால் பெருவிரலை இடித்துக்கொள்ளும்போது பட்டது உடனே தெரியும், ஒரு சுரீர் வரும், ஒரு சிறு அவகாசம் கழித்துத்தான் அந்தக் கடுப்பு ஏறும். அந்த அவகாசத்தை எண்ண வேண்டும். வேண்டுமென்றே இடித்துக்கொள்ள வேண்டாம், தானாக வாய்க்கும். போன வாரம் பேத்திக்கு வாய்த்தது. ஒற்றைக் காலில் நின்றபடி, "ஒன்றரை இருக்கும் தாத்தா" என்றாள். கடிகாரம் பார்க்கவில்லை என்பதால் தாளில் ஏற்றவில்லை.